தட்டாமல் விட்ட இரண்டாவது தட்டு

அன்று வண்டியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் சவரிமுத்து அண்ணன்.

கண்டக்டர் காதர் பாய்.

அண்ணனின் மகள் செசிலி. பதினாறு, பதினேழு வயது இருக்கும். முன் சீட்டில் ஜன்னல் ஓரம்.

அண்ணனின் அக்கா ஆரோக்கியம். செசிலிக்குத் துணை. கையில் ஜெபமாலை.

செட்டிகுளத்து வெங்காய வியாபாரிகள் இரண்டு பேர்.

லீவு முடிந்து திரும்பும் பட்டாளத்துக்காரர் ஒருவர். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்.

ரஞ்சன்குடிப் பெரியவர் ஒருவர். மடியில் சேவல்.

கைக்குழந்தையோடு ஒரு பெண்.

பின்னால், வண்டிக்கு வெளியே, பாய்லர் பக்கத்துப் பலகையில் நான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் காலை பஸ். தை மாதமாக இருக்க வேண்டும். பனி அப்படி இருந்தது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம்.

கரியில் ஓடிய பஸ்

கரி மூட்டம் போட்டுக்கொண்டிருந்த நான் பஸ்ஸுக்கு வந்த கதையைப் போன வாரம் சொன்னேன். அதைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம்.

சண்டை வந்ததும் பெட்ரோல் கிடைக்காமல் போனது. பஸ்களைக் கரியில் ஓட்டினார்கள். வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. பாய்லர் என்போம். அதில் மரக்கரியைக் கொட்டி நெருப்பு வைக்க வேண்டும். பக்கத்தில் காற்று ஊதும் சக்கரம். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் கரி கனலும். அதிலிருந்து வரும் புகை குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். அந்தப் புகைதான் வண்டியை இழுக்கும்.

குழாயில் ஒரு சின்னத் துளை உண்டு. அங்கே தீக்குச்சியைக் காட்டுவேன். சுடர் மஞ்சளாக எரிந்தால் இன்னும் சுற்ற வேண்டும். நீலமானால் போதும். கிளம்பலாம்.

எனக்கு நூறு வரைதான் எண்ணத் தெரியும். நூறு சுற்று ஆனதும் ஒரு கரித்துண்டை எடுத்துப் பலகையில் வைப்பேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். நல்ல கரியாக இருந்தால் மூன்று துண்டு வைப்பதற்குள் சுடர் நீலமாகிவிடும்.

இரண்டாவது துண்டை வைக்கும்போதே முன்னாலிருந்து அண்ணன் குரல் வரும்.

"போதும்ப்பா மருதை, ஏறு. கோயில் தேரா இழுக்கப் போறோம்?"

ஏறிக்கொள்வேன்.

என் அப்பா அடுத்தவர் காட்டில் வேலை செய்தவர். எங்கள் தெரு ஆட்கள் பஸ்ஸில் ஏறினால் இடம் பார்த்து உட்கார வேண்டிய காலம் அது. பாய்லர் பக்கத்துப் பலகைக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. அது என் இடமாக இருந்தது.

அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

வண்டி ஓடும்போது ஒரு பக்கம் தோள் சுடும். மறுபக்கம் பனி அடிக்கும். கரி வாடையில் தலை லேசாக மிதக்கும். கண் திறந்தே இருக்கும், ஆனாலும் தூங்குவது போல இருக்கும். பின்னோக்கி உட்கார்ந்திருப்பதால் எது வருகிறது என்று தெரியாது. போவது மட்டும் தெரியும். மரம் போகும். மைல்கல் போகும். ரோட்டில் நின்ற ஆள் சின்னதாகி, புள்ளியாகி, பனிக்குள் போவார். அவரை நான் பார்த்தேனா, நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வரும்.

இன்றைக்கும் சில விடியற்காலைகளில் அப்படித்தான் விழிக்கிறேன்.

மூன்று பேர், மூன்று அவசரம்

சவரிமுத்து அண்ணனுக்கு ஏலாக்குறிச்சிப் பக்கம். காது அவருடைய பலம். எஞ்சின் லேசாக இருமினாலும் தெரிந்துவிடும். எந்த மேடாக இருந்தாலும் தூரத்திலேயே வேகம் பிடித்து, அந்த ஓட்டத்தில் ஏற்றிவிடுவார். அரியலூர் ரயிலுக்கு நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் அவருக்குக் கணக்கு.

காதர் பாய்க்கு முகம். ஒருமுறை ஏறியவரை மறக்க மாட்டார். எந்த ஊர், யார் மகன், எந்த மரத்தடியில் இறங்குவார் என்பது வரை சொல்வார். கை காட்டிய யாரையும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வராது.

எனக்கு மூக்கு. நெருப்பு சோர்வதற்கு முன்னால் ஒரு வாடை வரும். மழை பெய்த சாம்பல் மேட்டின் வாடை. அது வந்தால் நிறுத்திக் கிண்ட வேண்டும். கட்டிச் சாம்பலை எடுத்துவிட்டு ஊத வேண்டும்.

மூவருக்கும் வேலை தெரியும். வண்டிதான் ஓடவில்லை.

நான் நிறுத்தச் சொல்வேன். அண்ணன் ஓட்டுவார். அவர் வேகம் பிடிக்கும்போது பாய் விசில் அடிப்பார். ஒரே வாரத்தில் நான்கு நாள் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். ஒரு நாள் தாசில்தாரும் தள்ளினார்.

அன்று மத்தியானம் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"இன்னொரு நாள் வண்டி நின்னுச்சுன்னா மூணு பேரும் வூட்டுக்குப் போயிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷெட்டில் நாங்கள் மூவர் மட்டும்.

"முதல்ல ரயில்," என்றார் அண்ணன்.

"முதல்ல நெருப்பு," என்றேன்.

"முதல்ல சனம்," என்றார் பாய். பிறகு அவரே சிரித்தார். "யா அல்லா! எல்லாமே முதல்னா ரெண்டாவதா எதைத்தான்யா வைக்கிறது?"

அண்ணன் சிரிக்கவில்லை. பீடி பற்ற வைத்தார். பாதி தீர்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மருதை, நெருப்பு செத்தா என்னா ஆவும்?"

"வண்டி நிக்கும்."

"நின்னா?"

"சனம் எறங்கும். ரயிலு போயிடும்."

"அப்ப ரயிலும் அந்த நெருப்புக்குள்ளதான் இருக்கு."

அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சொன்னார். என் கூடையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். எனக்கு எழுத்துத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஷெட் சுவரில் படமாகப் போட்டார்.

மேலே ஒரு சுடர்.

அதன் கீழே ஒரு மேடு.

அதன் கீழே கை தூக்கி நிற்கும் ஓர் ஆள்.

கடைசியில், கொஞ்ச நேரம் கரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒரு ரயில்.

"ரயிலா அது?" என்றார் பாய். "எருமை மாதிரி இருக்கு."

"எருமைக்குப் புகை வராது பாய்."

"கோவம் வந்தா வரும். உங்களப் பாத்தாலே தெரியுதே."

அப்போதுதான் அண்ணன் சிரித்தார்.

சுவரில் போட்டதன் பொருள் இதுதான். மேடு வருவதற்கு முன்னால் என் பேச்சு. நான் ஒரு கம்பியால் வண்டியின் தகரத்தில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் நெருப்பு சரி. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. ஏன் என்று கேட்கக் கூடாது. மேட்டில் சக்கரம் ஏறிவிட்டால் அண்ணன் பேச்சு. அங்கே நானும் தட்டக் கூடாது, பாயும் விசில் அடிக்கக் கூடாது. சமதரையில் பாய் பேச்சு. மிச்சமிருக்கும் நேரம் ரயிலுக்கு.

அதன் பிறகு ஒரு மாதம் போல வண்டி எங்கும் நிற்கவில்லை. வினோதம் என்னவென்றால், ரயிலைக் கடைசியில் வைத்த பிறகுதான் ரயிலுக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தோம்.

நத்தைக் கல்

அண்ணன் ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு கல் வைத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும். நத்தை போலச் சுருண்டிருக்கும். அரியலூர்ப் பக்கம் ஓடைகளில் அப்படிக் கற்கள் கிடக்கும். சிப்பி போல, சங்கு போல. காட்டில் ஏர் ஓட்டும்போதும் கொழுமுனையில் மாட்டும். என் அப்பா எடுத்து வரப்பில் வீசுவார்.

"இங்க கடல் இருந்துச்சாம்ப்பா," என்றார் அண்ணன் ஒருமுறை. "கோயில் சாமியாரு சொன்னாரு."

"எப்ப?"

"அதெல்லாம் அவரு பொறக்கறதுக்கு முன்ன."

பாய் அந்தக் கல்லைக் காதில் வைத்துக் கேட்டார். "அலை சத்தம் வரல. உங்க எஞ்சின் சத்தந்தான் வருது," என்றார்.

ஆனால் தை மாதத்துக் காலையில் எனக்கு அது கடல்தான். கரிசல் காடெல்லாம் பருத்தி வெடித்திருக்கும். மேலே பனி நிற்கும். எது பருத்தி, எது பனி என்று பிரிக்க முடியாது. நடுவில் எங்கள் புகை ஒரு கோடாகப் பின்னால் நீளும். தண்ணீருக்கு அடியில் போகிறோம், மேலே யாரோ படகில் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

செசிலியின் காகிதம்

செசிலிக்குத் தாய் இல்லை. எட்டாவது படித்திருந்தாள். விழுப்புரத்துக்கு வடக்கே ஓர் ஊரில், வாத்தியார் வேலைக்குப் படிக்க மனுப் போட்டிருந்தார்கள். இடம் இல்லை என்று பதில் வந்துவிட்டது. பிறகு ஒரு பெண் பாதியில் படிப்பை விட்டுவிட்டாள். அந்த இடம் செசிலிக்கு என்று காகிதம் வந்தது.

அந்தக் காகிதத்தைப் பாய் எனக்குப் படித்துக் காட்டினார். குறித்த நாள் சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அரியலூரில் காலை ரயிலைப் பிடித்தால்தான் சாயங்காலத்துக்குள் போக முடியும். அதற்கு அடுத்த ரயிலில் போனால் மறுநாள் ஆகிவிடும். காகிதம் வந்து சேரவே தாமதம். குறித்த நாளுக்கு முதல் நாள்தான் கையில் கிடைத்தது.

அண்ணனுக்கு நிலம் கிடையாது. செய்துபோட நகை கிடையாது. அந்தப் பெண்ணுக்கு என்று அவரிடம் இருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

அன்று விடியலில் வண்டி எடுக்கும் முன்னால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"எம்மவ ஏறியிருக்கான்னு எதையும் மாத்த வேணாம். செவுத்துல உள்ளபடிதான்."

"சரிண்ணே," என்றேன்.

சொன்னேனே தவிர, மனதில் அப்போதே மாற்றிவிட்டேன். சக்கரம் சுற்றினேன். இரண்டாவது துண்டை வைத்தேன். அவர் 'போதும்' என்று சொல்லவில்லை. சுடர் நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. நானே போதும் என்று ஏறிக்கொண்டேன்.

ஓடை மேடு

பேரளிக்கு முன்னால் ஓர் ஓடை. அதில் ரோடு இறங்கி ஏறும். இந்தப் பக்கம் இறக்கம் சின்னது. அந்தப் பக்கம் மேடு நீளம். அண்ணன் இறக்கத்திலேயே காலை அழுத்தி, வேகமாக ஓடையைத் தாண்டி, அந்த ஓட்டத்தில் மேட்டை முடித்துவிடுவார்.

ஓடைக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு வாடை வந்தது. மழை பெய்த சாம்பல் மேட்டின் வாடை. பனியில் கரி நமுத்திருந்தது.

கம்பியைக் கையில் எடுத்தேன்.

இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் நிற்பார். கிண்டி, ஊதிக் கிளம்பப் பத்து நிமிஷம். ரயில் போய்விடும் என்று நினைத்தேன். இன்றைக்கு ஒரு நாள் ரயில் முதலில் இருக்கட்டும். இந்த நெருப்பு எப்படியாவது வண்டியை மேட்டில் ஏற்றிவிடும்.

ஒரு தட்டுத் தட்டினேன்.

அப்படிச் செய்தது அதுவரை கிடையாது. அந்த ஒரு தட்டு பொய்.

வண்டி இறங்கியது. வேகம் பிடிக்கும் என்று பலகையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்கவில்லை. மெதுவானது. ஓடை மணலில் சக்கரம் நடந்து போவது போலப் போனது. எனக்குப் புரியவில்லை. தூக்கத்தில் ஓடுவோமே, கால் நகராமல், அப்படி இருந்தது. மேட்டில் ஏறியது. பாதியில் இருமியது. இன்னொருமுறை இருமியது. பிறகு எஞ்சின் சத்தம் இல்லை.

சேவல் ஒருமுறை கூவியது.

"கல்லு போடுங்க! சக்கரத்துக்குக் கல்லு போடுங்க!" என்று பாய் குதித்தார். வியாபாரிகள் இருவரும் குதித்துக் கல் வைத்தார்கள். பட்டாளத்துக்காரர் விழித்துக்கொண்டு, "அரியலூரா?" என்று கேட்டார்.

அண்ணன் பின்னால் வந்தார். பாய்லரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எஞ்சின் இருமினது ஓடைக்கு முன்னயே எனக்குக் கேட்டுச்சு. நீ ஏன் ஒரு தட்டு தட்டுன?"

"நின்னா ரயிலு போயிடும்னு."

"ரயில நான் பாத்துக்க மாட்டேனா? அது உன் வேலையா?"

கம்பியைக் கீழே வைத்தேன். அப்புறம் கேட்டேன்.

"நீங்க ஏன்ணே ஓடையில மெதுவாப் போனீங்க? கேட்டுச்சுன்னா வேகம் பிடிச்சிருக்கலாமே."

அவர் அப்போதுதான் பாய்லரைப் பார்த்தார்.

"எம்மவளுக்காகத்தான் நீ ரெண்டாவது தட்டத் தட்டாம விட்டன்னு தெரிஞ்சுச்சு. இன்னொரு தட்டு தட்ட உனக்கு நேரம் குடுத்தேன்."

காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லாருக்குய்யா! இவரு நெருப்பப் பாத்தாரு, இவன் ரயிலப் பாத்தான். மாத்தி மாத்தி மரியாத பண்ணி வண்டிய நிறுத்திட்டீங்க. சண்ட போட்டப்பகூட இவ்ளோ அழகா நிக்கல!"

உண்மைதான். நான் என் வேலையைச் செய்திருந்தால் ஓடைக்கு முன்னால் நின்று, ஊதிக் கிளம்பியிருப்போம். அவர் அவர் வேலையைச் செய்திருந்தால் அந்த அரை நெருப்பிலேயே ஓட்டத்தில் ஏறியிருக்கும். இரண்டில் ஒன்று போதும்.

எண்ணிக்கை

வண்டியைப் பின்னால் உருட்டி ஓடைக்குக் கொண்டுவந்தோம். நான் கதவைத் திறந்து கிண்டினேன். கட்டிச் சாம்பல் இரண்டு கூடை வந்தது. உலர்ந்த கரி தேடிப் போட்டேன்.

ஆரோக்கியம் அக்கா இறங்கி வந்தார்.

"சவரி, புள்ளைக்கு ரயிலு போயிடும்டா. எல்லாருமா தள்ளி மேட்டுல ஏத்திருவோம். அங்கிட்டு எறக்கந்தான?"

"நாங்க தள்றோம்," என்றார் வியாபாரிகளில் ஒருவர். பெரியவரும் சேவலைக் கைக்குழந்தைக்காரப் பெண்ணிடம் நீட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அண்ணன் மகளைப் பார்த்தார். செசிலி ஜன்னலில் இருந்தாள். காகிதத்தை மடித்த நிலையில் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"முதல்ல நெருப்பு," என்றார் அண்ணன்.

நான் கைப்பிடியைப் பிடித்தேன். சுற்றினேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். போகும்படி சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் நின்றால் 'போதும்' என்று சொல்லிவிடுவார். சொன்னால் நான் நிறுத்திவிடுவேன்.

அவர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு."

எண்ணத் தொடங்கினார். சத்தமாக. ஒரு சுற்றுக்கு ஓர் எண். வாயில் எண் இருந்தால் வேறு வார்த்தை வராது அல்லவா? அதற்காகத்தான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நூறு ஆனது. ஒரு துண்டு வைத்தேன். சுடர் மஞ்சள்.

அவர் நிறுத்தவில்லை. நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு என்று மேலே போனார். எனக்குத் தெரியாத எண்கள். நான் என் ஒன்று, இரண்டில் இருந்தேன்.

இரண்டாவது துண்டு வைத்தேன். வழக்கமாக அவர் 'போதும்' என்று சொல்லும் இடம். என் கை தானாக மெதுவானது. காது அவர் குரலுக்குக் காத்திருந்தது.

எண்தான் வந்தது.

சுற்றினேன். சக்கரம் ரீங்காரம் போட்டது. பருத்திக் காட்டின் மேல் பனி லேசாக நகர்ந்தது. அண்ணன் முகம் அரியலூர்ப் பக்கம் திரும்பியிருந்தது. குரல் மட்டும் என் பக்கம் இருந்தது. ஓடையும் ரோடும் வண்டியும் எங்கோ போய், அந்தக் குரலும் சக்கரமும் மட்டும் இருப்பது போல இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

மூன்றாவது துண்டு. மஞ்சள்.

நான்காவது துண்டு. ஓரத்தில் மட்டும் நீலம்.

என் தோள் மரத்துப்போனது. அவர் பார்த்தார். கைப்பிடியை வாங்கக் கையை நீட்டினார். பாதியில் மடக்கிக்கொண்டார். எண்ணுவதை விடவில்லை.

ஐந்தாவது துண்டையும் வைத்தேன். அதற்குப் பிறகு என் எண்ணிக்கை தவறிவிட்டது. அவருடையது தவறவில்லை.

சுடர் நீலமானது.

அவர் கடைசி எண்ணைச் சொல்லி நிறுத்தினார். சக்கரச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சீட்டில் ஏறினார். ஜனங்களும் ஏறிக்கொண்டார்கள்.

நான் ஒரு தட்டுத் தட்டினேன். இந்த முறை உண்மை.

வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். பிறகு விட்டார் பாருங்கள். ஓடை மணல் இரண்டு பக்கமும் தண்ணீர் போலத் தெறித்தது. மேடு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நான் பார்க்கும்போது அது வண்டிக்குப் பின்னால், பனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் வாசல்

பேரளி தாண்டி ஓர் ஆள் கை காட்டினார்.

சமதரை. பாய் பேச்சு. பாய் ஒரு கணம் அண்ணனைப் பார்த்திருப்பார். பின்னால் இருந்த எனக்குத் தெரியாது. விசில் மட்டும் கேட்டது. வண்டி நின்றது. அந்த ஆளின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, "ரைட்!" என்றார் பாய். அந்த ஆள் வேட்டி கட்டி முடிக்கவில்லை.

அரியலூர் ஸ்டேஷன் வாசலில் வண்டி நிற்கும்போது உள்ளே ரயில் நிற்பது புகையில் தெரிந்தது.

பாய் கூரையில் ஏறினார். செசிலியின் பெட்டியைக் கட்டியிருந்த கயிறு பனியில் இறுகியிருந்தது. முடிச்சு அவிழவில்லை.

"அண்ணே, ஆள் முதல்ல! பொட்டிய நாளைக்கு அனுப்பிக்கலாம்!" என்று மேலிருந்து கத்தினார். "போ தாயி, ஓடு!"

செசிலி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அக்கா பின்னால். அண்ணன் இருவருக்கும் முன்னால்.

நான் போகவில்லை. திரும்பும் வண்டிக்கு நெருப்பு சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ரயில் ஊதியது. நகர்கிற சத்தம் கேட்டது. கட்டடத்துக்கு மேலே புகை வடக்கே போனது.

வாசலைப் பார்த்தேன். ஜனங்கள் வந்தார்கள். கூலிக்காரர்கள் வந்தார்கள். அவர் வரவில்லை. நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன் என்பது கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பிறகு வந்தார். மெதுவாக நடந்து வந்தார். கை இரண்டும் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏறிட்டா," என்றார்.

கூரையில் பாய் அப்போதுதான் முடிச்சை அவிழ்த்து முடித்தார். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மத்தியானம் ஷெட்டுக்குத் திரும்பியதும் என் கூடையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். சுவரில், அந்தச் சுடருக்குப் பக்கத்தில், என்னவோ எழுதினார். மூன்று எழுத்து. பாய் பார்த்துத் தலையாட்டினார். நான் என்ன என்று கேட்கவில்லை.

பெட்டி மறுநாள் ரயிலில் போனது. செசிலி படித்தாள். வாத்தியாரம்மா ஆனாள்.

அதன் பிறகுதான் நான் எண் படிக்கத் தொடங்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. என் பலகையிலிருந்து மைல்கற்கள் ஒவ்வொன்றாகப் போகும் என்று சொன்னேன் அல்லவா. தினமும் அதே கற்கள், அதே வரிசை. பார்த்துப் பார்த்துப் பிடிபட்டது.

அடுத்த பொங்கலுக்கு ஷெட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்கள். சுண்ணாம்பு வாளியோடு சுவருக்கு முன்னால் நின்றேன். சுடர், மேடு, ஆள், எருமை போன்ற ரயில். சுடருக்குப் பக்கத்தில் இருந்ததை அன்றுதான் படித்தேன்.

ஐந்நூற்று நாற்பத்தாறு.